தடம் பதிக்கும் நடிப்பு

மும்பையில் வளரும் குழந்தையின் காதில் 'சிவாஜி' என்னும் பெயர் நாள்தோறும் விழுகிறது. நகரின் பெரிய தொடர்வண்டி முனையம் சத்திரபதி சிவாஜி மகாராஜரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பன்னாட்டு விமான நிலையத்திற்கும் அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. தாதரில் பிள்ளைகள் மட்டைப்பந்து ஆடும் பெரிய திடலின் பெயர் சிவாஜி பூங்கா. ஆனால், அதே பெயரைத் தாராவியிலோ மாதுங்காவிலோ செம்பூரிலோ வாழும் ஒரு தமிழ்ப் பாட்டியிடம் சொன்னால், மராட்டிய மன்னரோடு வேறொருவரும் அவர் நினைவுக்கு வருவார். அவர் நடிகர் சிவாஜி கணேசன்.

தமிழ்நாட்டில் பிறந்த ஒருவருக்கு மராட்டிய மன்னரின் பெயர் எவ்வாறு வந்தது? அந்தப் பெயரை அவருடைய பெற்றோர் சூட்டவில்லை. ஒரு நாடகத்தில் அவர் நடித்த வேடமே அப்பெயரை அவருக்குப் பெற்றுத் தந்தது. சிறந்த நடிப்பு பார்ப்போர் மனத்தில் தடம் பதிக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1. வேடம் தந்த பெயர்

கணேசன் 1928ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் விழுப்புரத்தில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே வீட்டை விட்டு நீங்கிச் சிறுவர் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தார். அக்காலக் குழுக்களில் பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். கணேசனும் பெண் வேடம் உட்படப் பல வேடங்களைத் தாங்கினார். பாடவும் ஆடவும், உரையாடலைத் தெளிவாக ஒலிக்கவும், மேடையில் எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று அறியவும் அங்கேதான் கற்றார். அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் நாடக மேடையே ஆகும்.

பிற்காலத்தில் தமிழ்நாட்டின் முதலமைச்சரான அறிஞர் அண்ணா, 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்னும் நாடகத்தை எழுதினார். மராட்டிய மன்னர் சிவாஜியின் முடிசூட்டு விழாவை ஒட்டி எழுந்த சிக்கல்களே அதன் கதைப்பொருள். மன்னர் வேடம் இளைஞரான கணேசனைத் தேடி வந்தது. நீண்ட உரையாடல்களை மிகக் குறுகிய நேரத்திலேயே அவர் மனப்பாடம் செய்து முடித்தார் என்பர். நாடகத்தைக் கண்ட தந்தை பெரியார் அந்நடிப்பில் மகிழ்ந்து, அவரைச் 'சிவாஜி' கணேசன் என்று குறிப்பிட்டார். அன்று முதல் அப்பெயரே நிலைத்தது. வி. சி. கணேசன், சிவாஜி கணேசன் ஆனார்.

இங்கே ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். மேடையில் நின்றவர் மன்னர் அல்லர். அவர் அணிந்த முடியும் வாளும் நாடகப் பொருள்கள். அரங்கில் இருந்த அனைவரும் அதனை அறிவர். அறிந்திருந்தும், மன்னரைக் கண்டது போன்ற உணர்வோடு அவர்கள் வீடு திரும்பினர். பொய் என்று அறிந்த ஒன்றை மெய்யென உணரச் செய்யும் ஆற்றலே நடிப்புக் கலையின் உயிர்.

இவ்வாற்றலைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்தனர். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. மெய் என்பது உடல். உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலின் வழியே பிறர்க்குப் புலப்படுவது மெய்ப்பாடு. அழுகை, அச்சம், வெகுளி, பெருமிதம், உவகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளை அந்நூல் கூறுகிறது. அச்சம் கொண்டவர் 'எனக்கு அச்சமாக இருக்கிறது' என்று சொல்ல வேண்டியதில்லை. அவருடைய கண்ணும் கையும் அதனைச் சொல்லிவிடும். நடிகரின் கருவியும் இதுவே.

2. காணாத மனிதரைக் காட்டிய கலை

1952ஆம் ஆண்டு வெளிவந்த 'பராசக்தி' சிவாஜி கணேசனைத் திரையுலகில் நிலைநிறுத்தியது. 1959ஆம் ஆண்டு அவர் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் நடித்தார். நிமிர்ந்த மார்பு, முறுக்கிய மீசை, இடியென முழங்கும் குரல் ஆகியவற்றால் ஆன வேடம் அது. கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அந்நடிப்பிற்காகச் சிறந்த நடிகர் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1961இல், அதே இயக்குநர் பி. ஆர். பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்' வெளிவந்தது. அதில் சிவாஜி ஏற்றது வ. உ. சிதம்பரனாரின் வேடம். வ.உ.சி. 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியவர். கப்பலுக்கான பொருள் தேடி அன்றைய பம்பாய்க்கும் வந்தவர். ஆங்கில அரசு அவரைச் சிறையில் அடைத்துச் செக்கிழுக்கச் செய்தது. 1912இல் விடுதலையாகி அவர் வெளியே வந்தபோது, வரவேற்கப் பெருங்கூட்டம் ஏதும் திரளவில்லை.

இந்த மனிதரைக் காட்டக் கட்டபொம்மனின் முழக்கம் உதவாது. சிவாஜி அம்முழக்கத்தை முற்றிலும் கைவிட்டார். கற்றறிந்த வழக்கறிஞரின் அடக்கமும், பின்னர்ச் சிறையில் தேய்ந்த உடலின் தளர்ச்சியுமே திரையில் தெரிந்தன. தோள்கள் குறுகின, நடை மெதுவாயிற்று. தொழுநோயால் உருமாறிய நண்பர் சுப்பிரமணிய சிவாவை அடையாளம் கண்டுகொள்ளும் காட்சியில், சொற்களைவிடக் கண்களே மிகுதியும் பேசுகின்றன.

வ.உ.சி. 1936ஆம் ஆண்டு மறைந்தார். அப்போது சிவாஜி கணேசன் சிறுவர். ஆகவே, அப்பெருமகனாரின் நடையையோ பேச்சையோ அருகிலிருந்து பார்த்துப் பழகும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. எனினும், படத்தைக் கண்ட வ.உ.சி.யின் மகன், தம் தந்தையையே மீண்டும் கண்டதாக நெகிழ்ந்து கூறினார். தந்தையோடு வாழ்ந்த மகன் தந்த அந்தச் சொல்லைச் சிவாஜி தமக்குக் கிடைத்த உயர்ந்த பரிசாகக் கருதினார்.

3. ஒலி ஒருவருடையது, மூச்சு மற்றொருவருடையது

1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தை இன்றும் பல தமிழ்க் குடும்பங்கள் ஒன்றாக அமர்ந்து பார்க்கின்றன. ஏ. பி. நாகராசன் இயக்கிய இப்படத்தில் சிவாஜி கணேசன் நாகசுர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரமாக நடித்தார். பத்மினி ஆடல் கலைஞர் மோகனாவாக நடித்தார்.

படத்தில் ஒலிக்கும் நாகசுரத்தை வாசித்தவர்கள் மதுரைச் சகோதரர்களான எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி ஆகியோர். சிவாஜி வாசிக்கவில்லை. ஆயினும், பார்ப்பவர் எவரும் அதனை எளிதில் நம்பமாட்டார். ஓசை நீளும்போது கன்னம் உப்புகிறது. மூச்சை உள்ளிழுக்கும் கணத்தில் மார்பு சற்றே உயர்கிறது. விரைவான இசைக்கோவையில் விரல்கள் துளைகளின் மேல் விரைகின்றன. வாசித்து முடித்தவுடன் கழுத்து நரம்புகள் மெல்லத் தளர்கின்றன. நாகசுரக் கலைஞர்களை உற்றுநோக்கிய கண்களால் மட்டுமே இவற்றை அறிந்துகொள்ள முடியும்.

இப்படத்தில் மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. தவில் வித்துவானாக டி. எஸ். பாலையாவும், சூழ்ச்சிக்கார வைத்தியாக நாகேசும், ஜில் ஜில் ரமாமணியாக மனோரமாவும் நடித்தனர். இவர்கள் கதைத் தலைவர்கள் அல்லர். ஆனால், அரை நூற்றாண்டு கடந்தும் இவ்வேடங்களின் பெயர்களை மக்கள் மறக்கவில்லை. மனத்தில் நிற்பதற்கு வேடத்தின் அளவு காரணம் அன்று; அதனுள் ஓர் உயிருள்ள மனிதர் இருக்கிறாரா என்பதே காரணம்.

கடல் கடந்தும் மாநிலம் கடந்தும் சென்ற தமிழர்கள் இத்தகைய படங்களைத் தங்களுடன் எடுத்துச் சென்றனர். மும்பையில் கிங்ஸ் சர்க்கிள் அருகிலிருந்த அரோரா திரையரங்கம் பல பத்தாண்டுகள் தமிழ்ப் படங்களைத் திரையிட்டது. சண்முகானந்தா அரங்கமும் செம்பூர் நுண்கலைக் கழகமும் இசைக்கும் நாட்டியத்திற்கும் நாடகத்திற்கும் இடம் அளித்தன. வாரம் முழுவதும் மராத்தியும் இந்தியும் பேசி உழைத்தவர்களுக்கு, தாய்மொழி உரத்து ஒலிக்கும் இடங்களாக அவை விளங்கின.

4. தாராவியின் வேலு நாயக்கர்

அதுவரை மும்பைத் தமிழர்கள் திரையில் கண்டவை பெரும்பாலும் தாங்கள் விட்டு வந்த ஊர்களின் கதைகளே. 1987ஆம் ஆண்டு தீபாவளியன்று வெளிவந்த 'நாயகன்' அவர்கள் வந்து சேர்ந்த ஊரைக் காட்டியது. மணிரத்னம் இயக்கிய அப்படத்தின் களம் தாராவி.

தமிழ்நாட்டில் தந்தையை இழந்த ஒரு சிறுவன் பம்பாய்க்கு ஓடி வருகிறான். தாராவியில் எளிய மனிதர் ஒருவர் அடைக்கலம் தந்து வளர்க்கிறார். வளர்ந்தபின் வேலு கடத்தல் தொழிலில் இறங்குகிறார். படிப்படியாக அப்பகுதி மக்கள் அஞ்சவும் நம்பவும் கூடிய 'நாயக்கர்' ஆகிறார். அந்த வழியில் மனைவியையும் மகனையும் இழக்கிறார். மகள் அவருடைய செயல்களை எதிர்த்து வீட்டை விட்டு நீங்குகிறாள்.

இளைஞர் வேலு முதல் முதியவர் நாயக்கர் வரை நடித்தவர் கமல்ஹாசன். படம் வெளியானபோது அவருக்கு வயது 32. முதுமையைக் காட்ட நரைத்த தலையும் ஒப்பனையும் மட்டும் போதா. நாயக்கரின் நடை தளர்கிறது, குரல் கரகரக்கிறது, பேச்சு குறைகிறது, எழுந்து நிற்பதற்கு முன் உடல் ஒரு கணம் தயங்குகிறது. மகனின் உடலைக் காணும் காட்சியில் நீண்ட உரையாடல் இல்லை. தொண்டையிலிருந்து எழும் உடைந்த ஓலம் மட்டுமே கேட்கிறது. பெற்ற பிள்ளையை இழந்தவருக்குச் சொற்கள் ஏது?

இறுதியில் பேரன் தாத்தாவிடம் ஒரு கேள்வி கேட்கிறான். அவர் நல்ல மனிதரா, தீய மனிதரா என்பதே அக்கேள்வி. ஊரையே ஆட்டிவைத்தவர் அச்சிறுவன் முன் தடுமாறுகிறார். தமக்கே விளங்கவில்லை என்கிறார். அக்காட்சியில் கமல்ஹாசனின் முகத்தில் அச்சமும் வருத்தமும் களைப்பும் ஒருங்கே தோன்றி மறைகின்றன.

இந்நடிப்பிற்காகக் கமல்ஹாசன் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். ஒளிப்பதிவுக்காகப் பி. சி. ஸ்ரீராமும் கலை இயக்கத்திற்காகத் தோட்டா தரணியும் அதே விருதைப் பெற்றனர். 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் டைம் இதழ் வெளியிட்ட தலைசிறந்த 100 படங்களின் பட்டியலிலும் 'நாயகன்' இடம்பெற்றது.

5. தடமும் உண்மையும்

தோட்டா தரணி பெற்ற விருது ஓர் உண்மையை உணர்த்துகிறது. படத்தில் காணும் தாராவியின் சந்துகளும் குடிசைகளும் பெரும்பகுதி சென்னையில் அமைக்கப்பட்ட அரங்குகளாகும். மரம், துணி, வண்ணம் ஆகியவற்றால் ஒரு தாராவி உருவாக்கப்பட்டது. அதனுள் ஒரு மாபெரும் நடிகர் நடமாடினார். அந்நடிப்பு பார்த்தவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

தடம் ஆழமாகப் பதியும்போது ஒரு சிக்கலும் எழுகிறது. தாராவிக்கு ஒருநாளும் வந்திராத ஒருவர், திரையில் கண்டதையே தாராவி என்று எண்ணிவிடக்கூடும். அங்கு வாழ்வோர் அனைவரும் கடத்தல்காரர்களும் அவர்களுக்கு அஞ்சி ஒடுங்குவோரும்தாம் என்று அவர் நினைத்தால், அது அம்மக்களுக்குச் செய்யும் அநீதியாகும். இப்பிழை நடிகரால் விளைவது அன்று. வேடத்தையும் ஊரையும் வேறுபடுத்திப் பார்க்க மறந்தவரால் விளைவது.

உண்மைத் தாராவி உழைப்பின் ஊர். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர்கள் இங்கே தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். குஜராத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவில் மண்பாண்டம் வனைந்தனர். அவர்களின் சக்கரங்கள் இன்றும் சுழல்கின்றன. விடியற்காலையில் எழுந்து மாவு அரைத்து, இட்டலி அவித்து, பாத்திரத்தைத் தலையில் சுமந்து நகரெங்கும் விற்போர் உளர். தையல் எந்திரங்கள் நாள் முழுவதும் ஓடும் வீடுகள் உண்டு. பிறர் எறிந்த நெகிழிப் பொருள்களைத் தரம் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் கைகள் உண்டு. இவ்வீடுகளிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர்.

'நாயகன்' படமும் இதனை முற்றிலும் மறைக்கவில்லை. நாயக்கரின் மகளே அவரை எதிர்த்து வினவுகிறாள், பேரன் வினவுகிறான். வேலுவின் வாழ்வைப் போற்றிப் பின்பற்றுமாறு அந்நடிப்பு சொல்லவில்லை. அவ்வாழ்வு அவருக்கு என்ன விலை கேட்டது என்பதையே அவருடைய முகம் காட்டுகிறது. நடிப்பை நன்கு கவனித்தவர் இதனைக் காண்பார். நடையையும் உடையையும் மட்டும் கண்டவர் இதனைத் தவறவிடுவார்.

6. மீண்டும் ஒரு பெயர்

31 ஆண்டுகள் கழித்து, 2018இல், பா. ரஞ்சித் இயக்கிய 'காலா' தாராவியை மறுபடியும் திரைக்குக் கொண்டுவந்தது. இம்முறை கதையின் நடுவில் இருந்தது நிலம். தங்கள் உழைப்பால் வாழத்தக்கதாக்கிய இடத்தை இழக்க மறுக்கும் மக்களின் போராட்டத்தைப் படம் கூறுகிறது. அவர்களின் தலைவர் கரிகாலனாக ரஜினிகாந்த் நடித்தார். அவருடைய மனைவி செல்வியாக நடித்த ஈசுவரி ராவ், திருநெல்வேலி வட்டார வழக்கில் படபடவெனப் பேசி, கணவரைக் கடிந்துகொண்டே அன்பு காட்டுகிறார். தாராவித் தமிழர் பலருக்கு அது தம் வீட்டுச் சமையலறையில் நாள்தோறும் கேட்கும் குரலாகும்.

இங்கே ஒரு வியப்பான ஒற்றுமை உண்டு. ரஜினிகாந்த் 1950ஆம் ஆண்டு பெங்களூரில் ஒரு மராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் சிவாஜி ராவ். இயக்குநர் கே. பாலசந்தர் தம்முடைய 'மேஜர் சந்திரகாந்த்' படத்தில் இடம்பெற்ற ஒரு கதைமாந்தரின் பெயரை அவருக்குச் சூட்டினார். அதுவே ரஜினிகாந்த். தமிழ்நாட்டில் பிறந்த கணேசன் ஒரு வேடத்தால் சிவாஜி ஆனார். மராத்திக் குடும்பத்தில் பிறந்த சிவாஜி ராவ், மற்றொரு வேடத்தின் பெயரால் தமிழரின் ரஜினிகாந்த் ஆனார். இரு மொழிகளுக்கும் இடையே நடிப்புக் கலை இவ்வாறு பாலம் அமைத்துள்ளது. மராத்தியும் தமிழும் ஒருங்கே ஒலிக்கும் தெருவில் வளரும் குழந்தைக்கு இப்பாலம் புதிதன்று.

சிவாஜி கணேசன் நாகசுரக் கலைஞரின் கன்னத்தைக் கவனித்தார். கமல்ஹாசன் முதியவரின் தயக்கத்தைக் காட்டினார். ஈசுவரி ராவ் திருநெல்வேலிப் பெண்ணின் பேச்சைக் காட்டினார். இவை அனைத்தும் முதலில் எங்கோ ஒரு வீட்டில், ஒரு தெருவில், உண்மையான மனிதரிடம் இருந்தவையே. விடியற்காலையில் இட்டலிப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றும் ஒருவர், முதலில் மூச்சை இழுத்து நிறுத்தி, பின்னர் முழங்காலை நிமிர்த்தி, அதன் பிறகே கையை எடுக்கிறார். அவ்வசைவு இன்னும் எந்த நடிகரின் கண்ணிலும் படாமல் இருக்கலாம். அந்தத் தெருவில் வாழும் பிள்ளை அதனைத் தினமும் காண்கிறது.

சொற்பொருள்

தடம் – சுவடு, அடையாளம்
மெய்ப்பாடு – உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுதல்
வெகுளி – சினம்
உவகை – மகிழ்ச்சி
ஓலம் – அழுகைக் குரல்
அடைக்கலம் – புகலிடம்
வட்டார வழக்கு – ஒரு பகுதி மக்களுக்கே உரிய பேச்சு முறை
உற்றுநோக்குதல் – கூர்ந்து கவனித்தல்

விடை எழுதுக

1. கணேசனுக்குச் 'சிவாஜி' என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. கட்டபொம்மன் வேடத்திற்கும் வ.உ.சி. வேடத்திற்கும் இடையே நடிப்பில் காணப்பட்ட வேறுபாடுகள் யாவை?
3. நாகசுரம் வாசிக்காமலே வாசிப்பது போன்ற உணர்வைச் சிவாஜி கணேசன் எவ்வாறு ஏற்படுத்தினார்?
4. பேரனின் கேள்விக்கு நாயக்கரால் ஏன் தெளிவான விடை கூற இயலவில்லை? உமது கருத்தை எழுதுக.
5. திரைப்படத்தில் கண்ட ஊரையும் உண்மை ஊரையும் வேறுபடுத்திப் பார்ப்பது ஏன் தேவையாகிறது?

செய்து பார்க்க

வீட்டிலோ தெருவிலோ உழைக்கும் ஒருவரை ஐந்து நிமிடம் உற்றுநோக்குக. அவருடைய நடை, கை அசைவு, பேச்சு, மூச்சு ஆகியவற்றுள் மூன்றனைக் குறித்துக்கொள்க. பின்னர் வகுப்பில் ஒரு சொல்லும் பேசாமல் அவரை நடித்துக் காட்டுக. அவர் என்ன தொழில் செய்பவர், அப்போது என்ன மனநிலையில் இருந்தார் என்பதை மற்ற மாணவர்கள் கண்டு கூறட்டும். நடித்துக் காட்டும்போது அவரை எள்ளி நகையாடாமல், அவர் உழைப்பை மதித்து நடிக்க வேண்டும்.